தகுதி வந்த பிறகா திருவிருந்துக்குப் போவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுமனை விஷயத்தில் உங்களுக்கும் அண்ணனுக்கும் மனத்தாங்கல். அம்மா அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மூன்று மாதமும் நீங்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. அடக்கத்துக்குத்தான் போனீர்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்காக ஆண்டவரிடம் ஏறக்குறைய ஒவ்வொரு ராத்திரியும் மன்னிப்புக் கேட்கிறீர்கள். ஆனாலும் மன்னித்துவிட்டார் என்ற உணர்வு வரவில்லை. நான்கு வருஷமாக, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்தும் எடுப்பதில்லை. எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது நீங்கள் மட்டும் தலையைக் குனிந்து இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறீர்கள். "அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், வாங்கினால் ஆக்கினைத்தீர்ப்பு என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியிருக்கிறாரே, தகுதி வந்த பிறகு போகலாம் என்று இருக்கிறேன். அந்தத் தகுதி வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதுதான் உங்கள் கேள்வி.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தவன். இதே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் காத்திருக்கிற தகுதி வரப்போவதில்லை. இன்னும் நாற்பது வருஷம் காத்திருந்தாலும் வராது. உங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து எழுந்து போகிறவர்களுக்கும் அது வந்ததில்லை, அப்பத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிற குருவானவராகிய ஐயருக்கும் வந்ததில்லை.

முதலில் உங்களைப் பயமுறுத்துகிற அந்த வசனத்தைப் பார்ப்போம். கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம், 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம். திருவிருந்து ஆராதனையில் 23-ஆம் வசனத்திலிருந்து கேட்டே நமக்குப் பழக்கம். பவுலோ பேச்சை 17-லேயே தொடங்கிவிடுகிறார். கொரிந்து சபையார் யாரோ ஒரு வசதியுள்ளவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள், கர்த்தருடைய பந்தியும் அந்தச் சாப்பாட்டோடு சேர்ந்துதான் நடக்கும். இருக்கிறவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று 21-ஆம் வசனத்தில் போட்டு உடைக்கிறார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று அடுத்த வசனத்தில் கேட்கிறார். இந்தக் கோபத்தோடுதான் 27-ல் "அபாத்திரமாய்" என்ற வார்த்தை வருகிறது. அந்தச் சொல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். "அபாத்திரன் எவனும் புசிக்கக்கூடாது" என்று அவர் எழுதவில்லை. "அபாத்திரமாய்ப் புசிக்கிறவன்" என்றுதான் எழுதுகிறார். கிரேக்க மூலத்திலும் அது சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிற சொல், சாப்பிடுகிற ஆளை அளக்கிற சொல் அல்ல. கூடப்பிறந்தவனைப் பசியில் விட்டுவிட்டு, அவன் அங்கே இருப்பதையே கண்டுகொள்ளாமல், கர்த்தருடைய அப்பத்தை வாயில் போட்டுக்கொள்வதுதான் அந்த விதம்.

அப்புறம் 28-ஆம் வசனம். எந்த மனுஷனும் தன்னைச் சோதித்தறிந்து, என்ன செய்யக்கடவன்? வீட்டுக்குப் போகக்கடவன் என்றா இருக்கிறது? "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்று இருக்கிறது. சோதித்தறிவது சாப்பிடுவதற்காகத்தான். நீங்கள் வசனத்தின் முதல் பாதியை நான்கு வருஷமாகச் செய்துவிட்டு, இரண்டாம் பாதியைத் தொடாமலே இருக்கிறீர்கள்.

நம் வேதாகமத்தில் இந்த 'பாத்திரம்' என்ற சொல்லை நான் நிரம்ப நேசிக்கிறேன். கிண்ணத்துக்கும் அதுதான் பெயர், தகுதிக்கும் அதுதான் பெயர். பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு என்று ஊரில் சொல்வோம். வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. உலக நடப்புக்கு அது நல்ல புத்திதான். சுவிசேஷம் அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. லூக்கா 15-ல், சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டுபோய் அழித்துவிட்ட இளைய மகன் பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதில் மூன்று வரி உண்டு. பாவம் செய்தேன், குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டு வழியில் அப்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். பையன் பேச்சைத் தொடங்குகிறான். முதல் வரி ஆயிற்று, இரண்டாம் வரி ஆயிற்று. மூன்றாம் வரியைச் சொல்ல அப்பா இடம் கொடுக்கவில்லை. "உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள்" என்று வேலைக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், விட்டுப்போன வரி தெரியும். பாத்திரனல்ல என்பதை அப்பா மறுக்கவே இல்லை. அது உண்மைதானே. ஆனால் கூலிக்காரனாகிறேன் என்ற பேரத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி, நீங்கள் ராத்திரி தோறும் சொல்வது அந்த மூன்றாம் வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுது அழுது கடனைத் தீர்த்துவிட்டு, அப்புறம் மகனாக வருகிறேன் என்கிறீர்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நடக்க முடியாத ஒரு ஆச்சிக்கு வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுக்க ஐயரோடு போயிருந்தேன். சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு போனது நான்தான். ஆச்சி ஆயுசு முழுக்கப் பனையோலைப் பெட்டி முடைந்தவர். விரலெல்லாம் ஓலையைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுபோயிருந்தது. ஜெபமெல்லாம் முடிந்து ஐயர் அப்பத்தை எடுத்ததும், ஆச்சி இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "எனக்கு வேண்டாம்யா. நான் பெரும்பாவி" என்றார். விஷயம் எங்களுக்குத் தெரியும். மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் அவளைப் படுத்தாத பாடில்லை. கைப்பிள்ளையோடு ஒரு தடவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

ஐயர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க ஆச்சி?" என்று கேட்டார்.

"கஞ்சி."

"யாரு குடுத்தா?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மருமவதான். அவதான் ஊட்டுதா" என்றார்.

"அந்தக் கஞ்சிக்கு நீங்க பாத்திரவானா ஆச்சி?"

ஆச்சிக்கு முகம் கோணியது, அழுதுவிட்டார். மருமகள் நடைப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள், அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து அந்த வளைந்த கைகள் வெளியே வந்தன. அப்பம் விரலிடுக்கில் நழுவியது. ஐயர் தன் கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். கொடுப்பதும் அவர் கை, வாங்குகிற கையைத் தாங்குவதும் அவர் கை. திருவிருந்து என்றால் என்ன என்று நான் படித்ததைவிட அன்றைக்குப் பார்த்ததே அதிகம்.

சரி, இப்போது உணர்வு விஷயத்துக்கு வருகிறேன். மன்னிப்புக் கிடைத்தால் மனசு லேசாகும், கண்ணீர் வரும், ஒரு சமாதானம் நிரப்பும் என்று சாட்சிக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு அதுவே அளவுகோலாகிவிட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் இருதயம் அனல் கொண்டதாக எழுதியதைப் போதகர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரியில், தான் இப்போது ஒரு கிறிஸ்தவனே அல்ல என்று அதே நாட்குறிப்பில் அவர் எழுதியதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தைரியம் அடைந்திருப்பார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வில்லியம் கூப்பரைப் பற்றி. பெயர் தெரியாவிட்டாலும் அவர் பாட்டு உங்களுக்குத் தெரியும். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று நாம் பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் அவர்தான். 1731-ல் பிறந்த ஆங்கிலக் கவிஞர். 1763-ல் மனம் உடைந்து தற்கொலைக்கு முயன்று, மனநோயாளிகளைப் பராமரிக்கிற ஒரு டாக்டரிடம் கொண்டுபோகப்பட்டார். அங்கே ரோமர் 3:25-ஐப் படித்தபோது முதன்முறையாக மன்னிப்பின் வெளிச்சம் கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஓல்னி என்ற ஊரில், முன்பு அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து குருவானவராக மாறிய ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாட்டுகள் எழுதினார். அப்புறம் 1773-ல் ஒரு சொப்பனம். 'உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய்' என்று ஒரு குரல். அன்றிலிருந்து 1800-ல் சாகும்வரை, 27 வருஷம், தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. ஆலயத்துக்குப் போவதும் நின்றுபோனது.

யோசித்துப் பாருங்கள். அந்த ஊற்றில் மூழ்கினால் எந்தப் பாவக்கறையும் போகும் என்று எழுதிய கை, அது எனக்கில்லை என்று 27 வருஷம் நம்பியது. அவர் உணர்ந்தபடிதான் உண்மையா? அவர் எழுதியபடிதான் உண்மையா? எத்தனை நாட்டில், எத்தனை பாஷையில், எத்தனை மரணப் படுக்கையில் அந்தப் பாட்டைப் பாடித் தேறியிருக்கிறார்கள்! நியூட்டன் ஒருநாளும் அவரை அழிந்தவராக நினைக்கவில்லை. 1773-ல் நிலைமை மோசமானபோது ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரால் விசுவாசிக்க முடியாத நாளில் அவருக்காகவும் சேர்த்து நண்பன் விசுவாசித்தான் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

"நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." இது 1 யோவான் 3:20. இருதயம் தீர்ப்புச் சொல்லும் என்பதை யோவான் ஒத்துக்கொள்கிறார். அது கடைசித் தீர்ப்பு அல்ல, அதற்கு மேலே ஒரு கோர்ட் இருக்கிறது என்கிறார். அதே நிருபம் 1:9-ல், பாவத்தை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பதற்கு "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று இருக்கிறது. இரக்கமுள்ளவர் என்று எழுதியிருந்தால்கூட, இன்றைக்கு இரக்கம் வருமோ வராதோ என்று நமக்குச் சந்தேகம் வரலாம். உண்மையும் நீதியும் என்று எழுதியிருக்கிறார். சொன்ன சொல் மாறமாட்டார், சிலுவையில் தீர்த்த கடனுக்குத் திரும்பவும் வசூலுக்கு வரமாட்டார் என்று அர்த்தம்.

அப்படியென்றால் நீங்கள் ஏன் ஒவ்வொரு ராத்திரியும் அதே பாவத்தை அறிக்கையிடுகிறீர்கள்? திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கும் இந்த வியாதி இருந்தது. 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்தவர், பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, போனால் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். வெளியே வந்ததும் இன்னொன்று ஞாபகம் வரும், திரும்ப ஓடுவார். அவருடைய மடத்துத் தலைவர் ஸ்டாப்பிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பித் திருப்பி அங்கே கொண்டுபோனார். சாவதற்கு முந்தைய வருஷம், 1545-ல், லூதர் பழையதை நினைத்து எழுதுகிறார். ரோமர் 1:17-ல் உள்ள தேவநீதி என்பது தன்னைத் தண்டிக்கிற நீதி என்றே பயந்திருந்தாராம். அது தேவன் இலவசமாகக் கொடுக்கிற நீதி என்று புரிந்த நாளில் பரதீசின் வாசல் திறந்தது போல் இருந்ததாம்.

இப்போது ஒரு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் என் பதில் பாதிதான். உங்கள் கேள்வி முழுக்க அம்மாவைப் பற்றியும் ஆண்டவரைப் பற்றியும் இருக்கிறது. அண்ணனைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் மனை விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று. ஆறு வருஷத்துக்குப் பிறகும் அவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் இரண்டு துக்கத்தைப் பிரிக்கிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகிறது, லௌகிக துக்கம் மரணத்துக்குக் கொண்டுபோகிறது. ஒன்று ஆளை எழுப்பி ஒரு திசையில் நடக்க வைக்கும். மற்றது செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்ற வைக்கும். உங்கள் அழுகை ஆறு வருஷமாகச் சுற்றுகிறதே தவிர எங்கேயும் போகவில்லை. அது எங்கே போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? அண்ணன் வீட்டுக்கு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் அதுதானே. நீங்கள் பயந்த அந்த வசனம் கடைசியில் பக்கத்தில் இருக்கிற சகோதரனிடம்தான் கொண்டுபோய் விடுகிறது. அம்மாவைக் கடைசி மூன்று மாதம் தூக்கி இறக்கியதும், மலசலம் அள்ளியதும் அவரும் அண்ணியும்தான். மனை விஷயத்தில் அவர் செய்தது தப்பாகவே இருக்கட்டும். அந்த மூன்று மாதத்துக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

இதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனோடு சரியானால்தான் ஆண்டவர் மன்னிப்பார் என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் பழைய மூன்றாம் வரிக்கே திரும்பிவிடுவோம். நீங்கள் போய் நின்று அவர் கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. மன்னிக்கப்பட்டவன் என்பதால் போகிறீர்கள், மன்னிப்பை வாங்குவதற்கு அல்ல.

அம்மா மன்னித்திருப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் வாயால் அதை இங்கே நீங்கள் கேட்க முடியாது, அந்த வலி இருக்கத்தான் செய்யும். மன்னிப்பு அதை அழித்துவிடாது. ஆனால் இயேசுவின் சீஷனாகிய பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று சொன்ன இடத்தில். இன்னொன்று உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில், ஆண்டவர் மீன் சுட்டு வைத்திருந்த இடத்தில். அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்! ஆண்டவர் அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி. வரிசையைப் பாருங்கள் தம்பி. சாப்பாடு முதலில்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தனியாக ராத்திரியில் அறிக்கையிடுவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு தடவை உங்கள் ஆயரிடம் போய் உட்கார்ந்து முழுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் சபையில் அது கட்டாயம் இல்லை, ஆனால் தடையும் இல்லை. யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. ஹிட்லருக்கு எதிராக நின்று 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், தன்னிடம் படித்த இளம் போதகர்களை ஒருவருக்கொருவர் பாவ அறிக்கை செய்யச் சொன்னார். தனியாகவே அறிக்கையிடுகிறவன் பல சமயம் தன்னிடமே அறிக்கையிட்டுத் தானே மன்னித்துக்கொள்கிறான், அதனால்தான் அது நிலைப்பதில்லை என்பது அவர் கருத்து. உங்களுக்கு உள்ளேயிருந்து வருகிற குரல் வேண்டாம், வெளியேயிருந்து வருகிற குரல் வேண்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று இன்னொரு மனுஷன் உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்வதைக் காதால் கேளுங்கள். அந்தத் தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மறுபடி அந்த எண்ணம் ராத்திரியில் வந்தால், புதிதாக மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்தத் தேதிக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு இது ஆவிக்குரிய போராட்டமாக மட்டும் இருப்பதில்லை. ஜெபத்தைச் சரியாகச் சொன்னோமா என்று பத்துத் தடவை திரும்பச் சொல்வது, மன்னிப்புக் கேட்காமல் இருக்கவே முடியாத தவிப்பு, தூக்கம் போவது இதெல்லாம் இருந்தால் அது ஓசிடி என்கிற மனநோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். செருப்புக்குள் சிக்கின கல் மாதிரி, எவ்வளவு நல்ல பாதையிலும் குத்திக்கொண்டே இருக்கும். அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. மனநல டாக்டரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு மனசு லேசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எழுந்து வரிசையில் போய் முழங்கால்படியிடுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். வலது கையை இடது கைமேல் வைத்து, வெறுங்கையாக நீட்டினால் போதும். பாத்திரம் நிறைந்திருந்தால் அதில் எதை ஊற்றுவது?

அண்ணனிடம் போய் என்ன பேசுவது என்று தயங்குகிறீர்கள் என்றால், மனையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். "அண்ணே, அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்கணும். நான் சனிக்கிழமை சுண்ணாம்பு வாங்கிட்டு வாறேன், நீங்களும் வாங்க" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மீதியை அங்கே நின்று பேசிக்கொள்ளலாம்.